கார் சீட் இடுப்பை வலிக்க வைத்தால்: கவர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

மதுரையில் கார்களுக்குக் குஷன் வேலை பார்க்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இறங்கும்போதே, "அண்ணே, நல்லா மெத்துன்னு ஒரு கவர் போட்டுக் குடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கவர் விற்பது என் தொழில். இருந்தாலும் கவரை எடுத்துக் காட்டுவதற்கு முன்னால், அவர்களை அவர்களுடைய சீட்டிலேயே உட்கார வைத்து, கதவைத் திறந்துவிட்டுப் பக்கவாட்டில் நின்று ஒரு நிமிஷம் பார்ப்பேன். பெரும்பாலும் வலிக்கான காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

மெத்தென்று இருப்பது வேறு, சுகமாக இருப்பது வேறு. கடையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் மெத்தென்ற சீட்தான் பிடிக்கும். சென்னைக்குப் போகும் வழியில் திருச்சியைத் தாண்டும்போதே அது தன் குணத்தைக் காட்டிவிடும். உட்காரும் எலும்பு இரண்டும் ஃபோமுக்குள் புதையும். இடுப்பு பின்னால் சரியும். முதுகின் கீழ்ப்பகுதியில் இயல்பாக இருக்கிற வளைவு மறைந்து முதுகு கூன் போடும். அப்புறம் உடம்பின் பாரத்தைத் தசைதான் பிடித்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும், தாங்க வேண்டிய இடத்தில் தாங்குகிற சீட்டில் இந்தத் தொல்லை வராது.

அதனால் காசு செலவழிப்பதற்கு முன் சீட்டில் ஏற்கெனவே இருக்கிற லீவர்களைப் பயன்படுத்துங்கள். செருப்பு, ஷூ எதைப் போட்டு ஓட்டுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு உட்காருங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்து வெளியே வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பர்ஸ் மேல் உட்கார்ந்தால் இடுப்பு கோணும், காலுக்கு இறங்குகிற நரம்பும் அழுந்தும். வலது கால் மரத்துப்போகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பர்ஸைப் பற்றித்தான்.

இடுப்பு சாய்மானத்தில் முட்டும்வரை பின்னால் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். கிளட்சை முழுவதுமாக மிதியுங்கள். மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கால் நீண்டு விறைத்தால் சீட்டை முன்னால் இழுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இன்ஜினை ஓடவிட்டு பிரேக்கை மிதித்துப் பாருங்கள். அடுத்தது சாய்மானம். நேர் செங்குத்தாக வைக்க வேண்டாம், ஈஸிசேர் மாதிரியும் வேண்டாம். 100 முதல் 110 டிகிரி போதும். தோள் சாய்மானத்தை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் விழ வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் எட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள், தோள்பட்டை வலி வரும். அதற்காக ஸ்டீயரிங்கின் மேல் ஏறி உட்காரவும் கூடாது. நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும்.

ஹெட்ரெஸ்ட்டின் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு வர வேண்டும். முக்கால்வாசி வண்டிகளில் அது ஷோரூமில் வைத்த உயரத்திலேயே, கழுத்துக்குப் பின்னால் கிடக்கும். கழுத்து வலிக்கிறது என்று அதைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்னால் வண்டி இடித்தால் கழுத்தைக் காப்பாற்றுவது அதுதான். தலையணை போலக் கட்டுகிற கழுத்துக் குஷனும் வண்டி ஓட்டுகிறவருக்கு வேண்டாம். தலையை முன்னால் தள்ளிவிடும்.

ஒரு டீச்சரைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும். தினமும் பள்ளிக்குச் சின்னக் காரை ஓட்டிப் போகிறவர், கொஞ்சம் குள்ளமானவர். பானெட் தெரியவில்லை என்று வீட்டுத் தலையணை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தொடை வலி, தோள் வலி, ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு முன்னால் வழுக்குகிறது. "அண்ணா, சீட் ரொம்பப் பள்ளமா இருக்கு, தூக்கிக் குடுங்க" என்றார். "டீச்சர், இந்த லீவர் எதுக்குன்னு தெரியுமா?" என்று சீட்டின் பக்கவாட்டில் நீளமாக இருந்ததைக் காட்டினேன். பின்னால் சாய்க்கிற லீவர் என்று நினைத்து அவர் அதைத் தொட்டதே இல்லை. அது உயரம் கூட்டுகிற லீவர். பம்ப் அடிப்பது போல மேலே மேலே இழுத்ததும் சீட் எழும்பியது. தலையணை இரண்டையும் எடுத்துப் பின்சீட்டில் போட்டேன். சாய்க்கிற லீவர் பொதுவாகச் சாய்மானத்தின் அடி மூலையில் இருக்கும். அதற்கு முன்னால் தொடைக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தால் இழுத்துப் பாருங்கள்.

தலையணை வேண்டாம் என்பதற்கு வலியை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டி இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். மெத்தென்ற தலையணைமேல் உட்கார்ந்தால் மோதும்போது தலையணை நசுங்கி, உடம்பு கீழே வழுக்கி, பட்டி வயிற்றில் ஏறும். உயர லீவர் இல்லாத வண்டி என்றால், கவரைக் கழற்றி, இருக்கிற ஃபோமுக்கு அடியில் ரீபாண்டட் ஃபோம் (துண்டு ஃபோம்களை அரைத்து அழுத்திய கெட்டி ஃபோம்) ஒன்றரை இன்ச் வைத்து மேலே ஏற்றலாம். சீட் ரெயிலுக்கு அடியில் வாஷர் அடுக்கி உயர்த்தித் தரச் சொன்னால் நான் செய்ய மாட்டேன். அந்த போல்ட்தான் மோதலில் சீட்டைப் பிடித்து நிறுத்துகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் வலித்தால், எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். இடுப்புக்குச் சற்று மேலே என்றால், குளிக்கிற துண்டு ஒன்றை மூன்று நான்கு இன்ச் கனத்துக்குச் சுருட்டி, பெல்ட் கட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, முதுகு உள்வாங்குகிற இடத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். சுகமாக இருந்தால் அதே கனத்துக்கு ஒரு குஷன் வாங்கிக்கொள்ளலாம். துண்டே போதும் என்றால் துண்டே இருக்கட்டும். கடைகளில் தொங்குகிற வலைக் குஷன்களைப் பலரும் முதுகின் நடுவில் மாட்டிவிடுகிறார்கள். அங்கே அது தோளை முன்னால் தள்ளுமே தவிர இடுப்பைத் தாங்காது.

முழங்காலுக்குப் பின்னால் வெட்டுகிற மாதிரி இருந்தால், சீட் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் சீட் உங்களுக்கு நீளம். இதற்கு நேர்மாறானது தொடைக்குத் தாங்கலே இல்லாமல் அந்தரத்தில் இருப்பது. நம் ஊரில் இதுதான் அதிகம். நான்கு மீட்டருக்குள் இருக்கிற வண்டிக்கு வரி குறைவு என்பதால் கம்பெனிகள் அந்த நீளத்துக்குள்ளேயே இன்ஜின், ஐந்து சீட், டிக்கி எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கின்றன. உட்காரும் பகுதியை இரண்டு இன்ச் குறைத்தால் கால் வைக்க இடம் கூடியதாகத் தெரியும். உயரமானவர்களுக்கு அந்த இரண்டு இன்ச்தான் வலி. முன்பக்கம் ஃபோம் ஒட்டிக் கவரை நீட்டித் தைத்துத் தரலாம், நன்றாகவே வரும்.

உட்காரும் எலும்பு வலித்தால் ஃபோம் செத்திருக்கும். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். டிரைவர் சீட்டில் முஷ்டியை ஊன்றி அழுத்துங்கள், பிறகு பக்கத்துச் சீட்டிலும் அதே போல அழுத்துங்கள். பக்கத்துச் சீட் எதிர்த்துத் தள்ளும். டிரைவர் சீட் அடியில் இருக்கிற கம்பி வரைக்கும் இறங்கினால் ஃபோம் முடிந்துவிட்டது. டிரைவர் சீட்டின் வலது ஓரத்தையும் தடவிப் பாருங்கள். தினமும் ஏறி இறங்கும்போது உடம்பு முழுவதும் அந்த ஓரத்தின்மேல்தான் தேய்ந்து போகிறது. முதலில் நொறுங்குவதும் அதுதான். அந்தப் பக்கம் மட்டும் தாழ்ந்துபோனால் நமக்கே தெரியாமல் வலதுபக்கம் சரிந்து ஓட்டுவோம். ஒற்றைப் பக்க இடுப்பு வலிக்கு இது அடிக்கடி காரணமாக இருக்கிறது.

அப்பா இதே தொழிலில் இருந்தபோது அம்பாசடர் சீட்டுகள்தான் நிறைய வரும். உள்ளே ஸ்பிரிங்கும் நாரும் இருக்கும். தளர்ந்தால் பிரித்து இழுத்துக் கட்டி, நாரை மாற்றினால் புதுசு. 2014இல் அந்த வண்டியின் தயாரிப்பும் நின்றது. இப்போதைய சீட்டில் அச்சில் வார்த்த ஒற்றை ஃபோம் இருக்கிறது. அதைத் தாங்குவதற்கு அடியில் வளைந்து வளைந்து போகிற ஜிக்ஜாக் கம்பிகள். பழைய சீட்டைப் பிரித்துத் திருப்பினால், ஃபோமின் அடிப்பக்கத்தில் அந்தக் கம்பி எங்கெல்லாம் ஓடியதோ அங்கெல்லாம் அறுத்த கோடு தெரியும். கோட்டின் ஓரத்தில் ஃபோம் மஞ்சள் தூளாக உதிரும். சில நேரம் கம்பியின் முனையைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்து, கம்பி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். ஏறும்போதெல்லாம் கிர்க் என்று சத்தம் கேட்டால் இதைச் சந்தேகப்படுங்கள். கிளிப் ஒன்றை மாற்றினாலே சீட் பாதி சரியாகிவிடும். புதிய ஃபோம் வைக்கும்போது கம்பிக்கும் ஃபோமுக்கும் நடுவே சாக்குத் துணியோ கெட்டியான ஃபெல்ட்டோ விரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கம்பி மறுபடி அறுக்கும்.

ஃபோம் வாங்குவதில்தான் ஏமாற்று அதிகம் நடக்கிறது. டென்சிட்டி என்றால் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். அது எடைக் கணக்கு: ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருந்தால் 40 டென்சிட்டி. டென்சிட்டி கூடக் கூட ஃபோம் சீக்கிரம் அமுங்கிப்போகாது. கார் சீட்டின் உட்காரும் பகுதிக்கு 40க்குக் குறைந்து நான் போடுவதில்லை. சாய்மானத்துக்கு 32 போதும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, தராசு இருக்கிறது. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், 4 இன்ச் கனமுள்ள துண்டு 40 டென்சிட்டியில் கிட்டத்தட்ட 380 கிராம் இருக்கும், 32இல் 300 கிராம். 250 கிராம் காட்டுகிற துண்டைக் கொண்டுவந்து 40 என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ரீபாண்டட் என்பது வெட்டு ஃபோம்களை அரைத்துப் பசை போட்டு அழுத்தியது. அடித்தளத்துக்கு நல்லது, நேராக அதன்மேல் உட்கார்ந்தால் எலும்பு வலிக்கும். நான் வைப்பது அடியில் ரீபாண்டட், மேலே 40, அதற்கும் மேலே துணிக்கு அடியில் அரை இன்ச் மெத்தென்ற படலம்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்கள் முன்சீட்டின் கதவுப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் தைத்திருந்தால், பக்கவாட்டு ஏர்பேக் அந்தச் சாய்மானத்துக்குள் இருக்கிறது. சீட்டின் தையலைக் கிழித்துக்கொண்டுதான் அது வெளியே வரும். முழுசாக மூடுகிற கவரைப் போட்டால் அது வர முடியாது, அல்லது தாமதமாக வரும். அந்த ஓரம் திறந்திருக்கிற அல்லது அதற்கென்றே பிரியும் தையல் போட்ட கவர் வேண்டும். சாதாரண நூலில் அந்த இடத்தை அழுத்தித் தைத்துத் தருகிற கடையில் கவர் வாங்காதீர்கள். சீட்டைக் கழற்றுகிற வேலையாக இருந்தால், சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, சில நிமிஷம் காத்திருந்த பிறகே சீட்டுக்கு அடியில் இருக்கிற ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரைத் தொட வேண்டும். உங்கள் மெக்கானிக் அப்படிச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பக்கத்துச் சீட்டிலும் ஒன்று இருக்கிறது. 2019 ஜூலை முதல் முன்சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை மணி கட்டாயம். ஆள் உட்கார்ந்திருப்பதை அறிய அந்தச் சீட்டில் காகிதம் போல மெல்லிய சென்சார் ஒன்றை வைத்திருப்பார்கள். ஃபோம் மாற்றும்போது அதை மடித்துவிட்டால், ஆளே இல்லாமல் மணி அடித்துக்கொண்டிருக்கும்.

வெயிலில் ரெக்சின் காற்று விடாது. முதுகும் தொடையும் நனைந்து, நாம் நெளிந்துகொண்டே ஓட்டுவோம். அந்த நெளிவும் வலிதான். தினம் ஓட்டுகிறவர் துணிக் கவர் போடுவதுதான் நல்லது. துடைக்க வசதி என்று ரெக்சின்தான் வேண்டும் என்றால் நடுப்பகுதியில் பொடித்துளை உள்ளதாகக் கேளுங்கள். சீட்டிலேயே காற்று வீசுகிற விசிறி உள்ள வண்டிக்கு மேலே எந்தக் கவரும் வேண்டாம். டாக்ஸி ஓட்டுகிறவர்கள் போடுகிற மரமணி விரிப்பு காற்றோட்டத்துக்கு நல்ல பொருள், ஆனால் நூல் நைந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். அறுந்து உருண்ட மணி பிரேக் பெடலுக்கு அடியில் போகக் கூடாது.

பின்சீட்டில் நடுவில் உட்காருகிறவருக்கு முதுகு வலிப்பது இயல்பு. நடுவில் ஆர்ம்ரெஸ்ட் உள்ள வண்டியில், மடக்கிவைத்த அதுதான் அவருக்குச் சாய்மானம், அதனுள் ஃபோம் குறைவு. நீண்ட பயணத்தில் அந்த இடத்தை மாற்றி மாற்றி உட்காருங்கள். வயதானவர்களை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தாக வேண்டும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ சீட்டைப் பார்க்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்து சிறுநீர் போவதிலும் சிரமம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குஷன் கடைக்குப் போக முடிவு செய்துவிட்டீர்களா? நீண்ட தூரம் ஓட்டி, வலி இருக்கும்போதே, வலிக்கிற இடம் சீட்டில் எங்கே படுகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு போங்கள். ஃபோம் வைத்ததும் கவரை முழுசாகத் தைத்து மூடுவதற்கு முன் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். முடிந்தால் அப்படியே ஒரு ரவுண்டு ஓட்டியும் பாருங்கள். அதிகமான ஃபோமைச் சீவிக் குறைப்பது பத்து நிமிஷ வேலை. தைத்து மூடிய பிறகு என்றால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.