கோன் சாய்வதைப் பார்த்துச் சூளையை அணைப்பது எப்படி? மலையில் மண்பாண்டம் சுடுவோருக்கு ஒரு செய்முறை

மீட்டரில் 1222 டிகிரி வந்ததும் சூளையை அணைத்தாயிற்று. மறுநாள் திறந்தால் க்ளேஸ் (பாண்டத்தின் மேல் கண்ணாடி போல உருகிப் படியும் பூச்சு) வழிந்து கோப்பைகள் ஷெல்ஃபோடு ஒட்டிக் கிடக்கின்றன. மீட்டர் பொய் சொல்லவில்லை. சூட்டை உணரும் கம்பியான தெர்மோகப்பிளின் முனை இருக்கும் இடத்தில் அந்த நொடி என்ன சூடு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். மண்ணும் க்ளேஸும் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் வாங்கின என்று சொல்வது கோன்தான்.

பைரோமெட்ரிக் கோன் என்பது க்ளேஸில் சேரும் அதே வகைப் பொருட்களை அளந்து கலந்து அச்சில் அழுத்திய, மூன்று பக்கமுள்ள ஒல்லியான கூம்பு. குறிப்பிட்ட அளவு வெப்பம் ஏறியதும் இளகி, தன் பாரத்தாலேயே வளையும். எந்த அளவு என்பதை ஒவ்வொரு கோனின் எண் சொல்லும். ஜெர்மனியில் ஹெர்மன் செகெர் 1886-இலும், அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896-இலும் செய்யத் தொடங்கியவை இவை. நம் ஊர் ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் புழங்குவது ஆர்ட்டன். செகெர் கோனில் அதே எண் வேறு வெப்பத்தைக் குறிக்கும். இரண்டையும் கலந்து வைக்கக் கூடாது.

மலையில் ஏன் இது இன்னும் அவசியம்

ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். கோனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. 2,200 மீட்டர் உயரத்திலும் கடற்கரையிலும் அது ஒரே மாதிரிதான் இளகும். மலைச் சூழல் பாதிப்பது சூளையை.

மின்சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூரிலோ கொடைக்கானலிலோ சாயங்காலம் கீசரும் ஹீட்டரும் ஓடத் தொடங்கி, உங்கள் லைனில் 230 வோல்ட் 200-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். சூடேற்றும் கம்பிச்சுருளான காயிலின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே சூளைக்குக் கிடைக்கும் சூடு ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். மணிக்கு 60 டிகிரி ஏறவேண்டிய சூளை கடைசிக் கட்டத்தில் 15 டிகிரி மட்டுமே ஏறக்கூடும். அப்படி மெதுவாக ஏறினால் கோன் 6 சாய்வது வழக்கமான 1222-இல் அல்ல, 1185 டிகிரியிலேயே. மீட்டரை நம்பி 1222 வரை காத்திருந்தால் ஒரு கோனுக்கு மேல் அதிகமாகச் சுட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கேஸ் சூளையில் சிக்கல் வேறு. இந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிடக் கால் பங்குக்கு நெருக்கமாகக் குறைவு. கீழே சரியாக எரிந்த பர்னர் இங்கே காற்று போதாமல் மஞ்சளாக எரியும். பர்னருக்குக் காற்று விடும் ஏர் ஷட்டரை நன்றாகத் திறந்துவிட வேண்டும். மார்கழிக் குளிரில் சிலிண்டர் மேல் பனி பூத்து கேஸ் வரத்தும் குறையும். இரண்டு மூன்று சிலிண்டரைச் சேர்த்து இணைத்தால் சமாளிக்கலாம். சிலிண்டரைச் சூடாக்கத் தணல் வைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

1. எந்த எண்

மண் மூட்டையிலும் க்ளேஸ் டப்பாவிலும் கோன் எண் அச்சிட்டிருக்கும். முன்னால் பூஜ்ஜியம் இருந்தால் கணக்கு தலைகீழ். 022 தான் மிகக் குறைந்த சூடு, 01 வரை ஏறி, பிறகு 1, 2 என்று போகும். மணிக்கு 60 டிகிரி வேகத்தில், அடியிலேயே தாங்கு கொண்ட பெரிய கோன்களுக்கான அளவுகள்: 06-க்கு 998, 04-க்கு 1063, 5-க்கு 1186, 6-க்கு 1222, 7-க்கு 1239, 10-க்கு 1285 டிகிரி செல்சியஸ். பிஸ்க் (க்ளேஸ் பூசுமுன் சுடும் முதல் சூடு) சுட 06 அல்லது 04, ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கல் போல இறுகும் மண்) க்ளேஸுக்கு 6 அல்லது 10 என்பது பொது வழக்கம்.

06-க்கும் 6-க்கும் நடுவே 224 டிகிரி இருக்கிறது. சிவப்பு மண் பானையை 6-க்கு ஏற்றியவர்கள் ஷெல்ஃபைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். நீலகிரிக் கோத்தர் பெண்கள் பரம்பரையாகச் செய்யும் பானைகள் போலத் திறந்தவெளியில் சுடுவதற்கு இந்த ஏற்பாடெல்லாம் தேவையில்லை. அங்கே கண்ணும் கையும் போதும்.

2. மூன்றாக வையுங்கள்

ஒரே கோனை வைத்தால் அது சாய்ந்த பிறகுதான் தெரியும். கோன் 6 வேண்டுமானால் 5, 6, 7 மூன்றையும் வரிசையாக வையுங்கள். 5 எச்சரிக்கை, 6 இலக்கு, 7 தாண்டிவிட்டோமா என்று காட்டும் காவல்.

3. பேக் (கோன்கள் ஊன்றிய மண் பட்டை) செய்வது

அடியில் தாங்கு உள்ள கோன் என்றால் சரியான சாய்வு அதிலேயே இருக்கிறது. ஷெல்ஃபில் அப்படியே நிறுத்தலாம். தாங்கு இல்லாத பெரிய கோனை மண்ணில் ஊன்ற வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் ஸ்டோன்வேர் மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு க்ராக் (சுட்ட மண்ணின் பொடி) சேர்த்துப் பிசைந்து, விரல் தடிமனில் ஒரு பட்டை செய்யுங்கள்.

பட்டைக்கு மேலே 5 செ.மீ. உயரம் தெரியவேண்டும். ஆழமாகப் புதைத்தால் கோன் குட்டையாகி, தாமதமாக வளையும். சாயும் பக்கத்து முகம் செங்குத்திலிருந்து 8 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கோணமானி தேடவேண்டாம். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையில் 5 செ.மீ. உயரத்துக்கு 7 மி.மீ. பக்கவாட்டில் நகரும் கோடு போட்டு வெட்டுங்கள். அந்தச் சரிவோடு கோனின் முகத்தை ஒட்டி நிறுத்தினால் சரியாக வரும். இதைவிட அதிகம் சாய்த்தால் முன்கூட்டியே விழுந்து உங்களை ஏமாற்றும்.

மூன்றும் ஒரே பக்கம் சாயட்டும். சாயும் திசையின் முனையில் 5, அடுத்து 6, கடைசியில் 7. நேர்க்கோட்டில் வைக்காமல் கொஞ்சம் மூலைவாட்டமாக வைத்தால் விழும் கோன் அடுத்ததைத் தொடாது. பட்டையின் ஓரத்தைக் கிண்ணம் போல மடித்துவிடுங்கள். அளவு மீறினால் உருகி ஓடும் கோனை அது பிடித்துக்கொள்ளும். கடைசியாக ஒரு ஊசியால் பட்டை முழுக்கத் துளை குத்துங்கள்.

காய்வதுதான் மலையில் பெரிய வேலை. நீலகிரியின் மேற்குச் சரிவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கோத்தகிரி, பழனி மலைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில், பேக் ஒரு வாரம் ஆனாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். தொட்டால் காய்ந்தது போலத் தெரியும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றால் ஈரம் இருக்கிறது. ஈரமான பேக் சூளைக்குள் வெடித்தால் கோனும் போச்சு, பக்கத்துக் க்ளேஸில் மண் துணுக்குகளும் ஒட்டும். மழை மாதத்துக்கு வேண்டிய பேக்குகளை வெயில் காலத்திலேயே செய்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். காய்ந்த இடத்தில் வைத்தால் கோன் கெட்டுப்போவதில்லை.

4. சூளைக்குள் இடம்

பார்வைத் துளைக்கு நேராக, ஆனால் அதிலிருந்து 15 செ.மீ.யாவது உள்ளே தள்ளி வையுங்கள். துளையை ஒட்டி வைத்தால் குளிர்காற்று பட்டு கோன் பின்தங்கும். காயிலை ஒட்டி வைத்தால் சீக்கிரம் விழும். கதவைச் சாத்துமுன் ஒரு டார்ச்சை உள்ளே வைத்து, துளை வழியே மூன்று கோனும் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். வெள்ளைத் தணலில் கோனும் சுவரும் ஒரே நிறமாகிவிடும். எங்கே தேடவேண்டும் என்று முன்பே தெரிந்தால்தான் அப்போது கண்டுபிடிக்க முடியும். புதுச் சூளை என்றால் மேல், நடு, கீழ் ஷெல்ஃபுகளிலும் ஒவ்வொரு பேக் வையுங்கள்.

5. கடைசி நூறு டிகிரி

கோன் கணக்கில் முக்கியமானது கடைசி 100 டிகிரிதான். அதை மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏற்றப் பாருங்கள். மின்வெட்டும் வோல்டேஜ் இறக்கமும் உள்ள ஊரில் விடியற்காலையில் தொடங்கி, மாலை ஆறுக்குள் இந்தக் கட்டம் முடியும்படி நேரம் வகுப்பது நல்லது.

1150 தாண்டியதும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். வெல்டிங் கண்ணாடி, ஷேடு 3 முதல் 5 வரை, கட்டாயம் போடுங்கள். வெறும் கண்ணால் பார்த்தால் அகச்சிவப்புக் கதிர் கண்ணைக் கெடுக்கும். சாதாரணக் கூலிங்கிளாஸ் அதைத் தடுக்காது. துளையின் அடைப்பை எடுக்கும்போது தோல் கையுறை போட்டு, முகத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள்.

கோன் 5 படுத்த பிறகு 6 படுக்க 36 டிகிரி வேண்டும். இந்த வேகத்தில் சுமார் அரை மணி நேரத்துக்கு மேல். ஆனால் 6-லிருந்து 7-க்கு வெறும் 17 டிகிரி, அதாவது கால் மணி நேரம். டீ குடிக்கப் போவதானால் 5 விழுந்ததும் போய் வந்துவிடுங்கள். 6 வளையத் தொடங்கிய பிறகு சூளையை விட்டு நகராதீர்கள். 6-இன் நுனி அடிப்பாகத்தின் மட்டத்துக்கு வந்ததும் அணைக்கலாம். அப்போது மீட்டர் என்ன காட்டுகிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய கே வகைத் தெர்மோகப்பிள் நாளாக ஆகக் குறைத்துக் காட்டும். எவ்வளவு குறைக்கிறது என்பது இந்த எண்ணிலிருந்துதான் தெரியும்.

உச்சத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் அதே சூட்டில் நிறுத்தி வைத்தால் அடுத்த எண் கோனும் சாய்ந்துவிடும். க்ளேஸ் சமமாகப் பரவட்டும் என்று நிறுத்துபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

6. திறந்த பிறகு

5 தரையோடு ஒட்டி, 6 நுனி தொட்டு, 7 லேசாகத் தலை குனிந்திருந்தால் சரியான சூடு. 7-உம் படுத்திருந்தால் அதிகம். மேல் ஷெல்ஃபில் 6 படுத்து, கீழே 5 பாதியில் நின்றால் கீழ்ப்பகுதி குளிர்ந்திருக்கிறது. அங்கே சாமானை நெருக்காமல் அடுக்குங்கள். கடைசியில் அரை மணி நேரம் மெதுவாக ஏற்றுங்கள்.

கோன் வளையாமல் உப்பி, துளைவிட்டு நின்றால் ஆரம்பத்தில் சூளையை விரட்டியிருக்கிறீர்கள், அல்லது கேஸ் சூளையில் காற்று போதாமல் சீக்கிரமே புகை சூழ்ந்திருக்கிறது. 010 முதல் 3 வரையுள்ள கோன்களில் இரும்பு ஆக்சைடு உண்டு. புகை சூழ்ந்தால் அவை தவறாகக் காட்டும். அந்த எண்களில் இரும்பு சேராத கோனும் கிடைக்கிறது. நடுவில் கரண்ட் போய் சூளை ஆறிவிட்டால், பாதி வளைந்த கோனை மறுபடி நம்பாதீர்கள். புதுப் பேக் வைத்து ஆரம்பியுங்கள்.

சுட்ட பேக்கை எறிந்துவிடாமல், அடியில் தேதி, ஷெல்ஃப், கடைசி ஒரு மணி நேரத்தின் வேகம் மூன்றையும் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை கீழ் ஷெல்ஃபில் எந்தக் க்ளேஸை வைப்பது என்று யோசிக்கும்போது அதை எடுத்துப் பார்க்கலாம்.