பனியன் கம்பெனிக்கு ஒரு ஃபைல் சர்வர்: முதல்முறை அமைப்பவர்களுக்கான செய்முறை

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனி ஆபீசுக்குள் போனாலும் இந்தக் குரலைக் கேட்கலாம்: "அண்ணா, அந்த ஸ்டைலோட டெக் பேக் எந்த சிஸ்டத்துல இருக்குதுங்க?" டெக் பேக் என்பது ஒரு ஆடையின் அளவு, துணி, தையல் விவரமெல்லாம் அடங்கிய ஃபைல். அதில் ஒரு பிரதி மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) கம்ப்யூட்டரில் இருக்கும், இன்னொன்று பேட்டர்ன் மாஸ்டரின் பென் டிரைவில், மூன்றாவது வாட்ஸ்அப்பில். எது கடைசியாகத் திருத்தியது என்று தெரியாமல் கட்டிங் போட்டுவிட்டால் துணியே வீணாகும். இதைத் தீர்க்கத்தான் ஃபைல் சர்வர்: எல்லா ஃபைலையும் ஒரே இடத்தில் வைத்து, எல்லோரும் நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ளும் பெட்டி. இருபது, இருபத்தைந்து பேர் இருக்கும் ஆபீசை மனதில் வைத்து எழுதுகிறேன். கோவை பம்ப் கம்பெனியின் டிராயிங்குகளுக்கும் கரூர் ஜவுளி டிசைன்களுக்கும் இதே முறை பொருந்தும்.

1. முதலில் காகிதம், அப்புறம் பெட்டி

பலரும் கடைக்குப் போய் பெட்டியை வாங்கி வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வேலை. முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: என்னென்ன ஃபைல்கள், யார் உருவாக்குகிறார்கள், யார் பார்க்க மட்டும் வேண்டும், யார் பார்க்கவே கூடாது. பிரிண்ட் ஆர்ட்வொர்க் ஃபைல்தான் இடத்தைத் தின்னும். ஒன்றே சில நூறு எம்பி வரும். டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) டேட்டா அளவில் சின்னது, ஆனால் போனால் கம்பெனியே நிற்கும். இப்போது எல்லா கம்ப்யூட்டரிலும் இருக்கும் மொத்த அளவைக் கூட்டி, அதைப்போல மூன்று மடங்கு இடம் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

2. பெட்டியும் டிஸ்க்கும்

இந்த அளவு ஆபீசுக்கு இரண்டு அல்லது நான்கு டிஸ்க் போடும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்து ஃபைல் வைக்கவென்றே செய்த சின்ன சர்வர்) பெட்டி போதும். பழைய கம்ப்யூட்டரில் சாதாரண விண்டோஸ் போட்டு ஃபோல்டரை ஷேர் செய்வதும் உண்டு. ஆனால் விண்டோஸ் 10, 11 இரண்டும் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் அனுமதிக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. செலவைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால், அதே கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸும், அதிலிருந்து விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஃபோல்டரை ஷேர் செய்யும் சாம்பாவும் போடலாம். இரண்டும் இலவசம்.

டிஸ்க் வாங்கும்போது நாஸுக்கென்று செய்ததா, சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்பவை டிஸ்க்கில் டேட்டாவை எழுதும் இரண்டு முறைகள். எஸ்எம்ஆர் டிஸ்க் விலை குறைவு. ஆனால் ஒரு டிஸ்க் பழுதாகி புதியதை மாட்டும்போது, டேட்டாவைத் திரும்ப எழுத அது மிக அதிக நேரம் எடுக்கும்.

பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். இரண்டு 4 டெராபைட் டிஸ்க்கை ரெய்டு 1-இல் போட்டால் ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும். கிடைக்கும் இடம் 4 டெராபைட்தான், விண்டோஸ் வேறு கணக்கில் எண்ணுவதால் சுமார் 3.6 என்று காட்டும். நான்கு டிஸ்க்கை ரெய்டு 5-இல் போட்டால் மூன்று டிஸ்க்கின் இடம் கிடைக்கும். இரண்டிலுமே ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காது. ஆனால் ஒருவர் ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால், எல்லா டிஸ்க்கிலும் அந்த நொடியே அழியும். அதனால் ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள்.

3. எங்கே வைப்பது

நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது இது. நிட்டிங், கட்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. பஞ்சுத் தூசி ஃபேனை அடைத்து, டிஸ்க் சூடாகி, ஆயுள் குறையும். மூடிய மர அலமாரியும் ஆகாது.

யூபிஎஸ் கட்டாயம். மின்சாரம் நின்று ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகள் போதும், எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் கெட்டுவிடும். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை நாஸில் செருகி, மின்சாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வராவிட்டால் தானாக ஒழுங்காக அணையும்படி அமைத்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை வரும் நாளில் இந்த ஒரு அமைப்பு உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது இடி. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் மின்னல், ஆபீசுக்கும் யூனிட்டுக்கும் இடையே வெளியில் இழுத்த செம்புக் கம்பி நெட்வொர்க் கேபிள் வழியாகவே உள்ளே வந்து சுவிட்ச்சையும் நாஸையும் கருக்கிவிடும். யூபிஎஸ் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் அது வந்தது மின்சார வழியில் அல்ல. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் கேபிள் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கவசம் இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள்.

4. நெட்வொர்க்

சர்வரை வைஃபையில் இணைக்காதீர்கள். கிகாபிட் சுவிட்ச்சில் கேபிளால் இணைத்து, 192.168.1.10 போல மாறாத ஐபி (நெட்வொர்க்கில் அந்தப் பெட்டியின் முகவரி) கொடுங்கள். கிகாபிட்டில் 1 ஜிபி ஃபைல் சுமார் பத்து நொடியில் போகும். ஒன்றரை நிமிடம் ஆகிறது என்றால் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பழைய சுவிட்ச், இல்லாவிட்டால் எட்டு கம்பியில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்த கேபிள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

5. யாருக்கு எது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனி யூசர் பெயர், தனி பாஸ்வேர்டு. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால் யார் அழித்தார்கள் என்று கடைசி வரை தெரியாது. அப்புறம் குரூப் உருவாக்குங்கள்: மெர்ச்சண்டைசிங், பேட்டர்ன், அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் குரூப்புக்குக் கொடுங்கள். புது ஆள் வந்தால் குரூப்பில் சேர்த்தால் முடிந்தது.

ஃபோல்டரை பையர் (ஆர்டர் கொடுக்கும் கம்பெனி), சீசன், ஸ்டைல் என்ற வரிசையில் பிரியுங்கள். அனுமதியை மேல் மட்ட ஃபோல்டரிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே ஆறாவது அடுக்கில் ஒருவருக்கு மட்டும் தனி அனுமதி போட்டால், ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது நினைவிருக்காது. பேட்டர்ன் ஃபோல்டரில் எழுதும் உரிமை பேட்டர்ன் குரூப்புக்கு, மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும். அக்கவுண்ட்ஸ் ஃபோல்டர் மற்றவர்கள் கண்ணிலேயே படக்கூடாது.

முதலாளிக்கு எல்லா உரிமையும் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். பணிவாக மறுத்து, பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்திருப்பவருக்கு எங்கெல்லாம் எழுதும் உரிமை உண்டோ அங்கெல்லாம் பூட்டிவிடும். உரிமை குறைவாக இருந்தால் சேதமும் குறையும். இதைச் சொன்னால் நம் ஊர் முதலாளிகள் புரிந்துகொள்வார்கள்.

அனுமதியை மாற்றியும் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் பதறாதீர்கள், லாக் ஆஃப் செய்து திரும்ப வரச் சொல்லுங்கள். ஒரே விண்டோஸ் லாகினிலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு யூசர் பெயரில் ஒரே நேரத்தில் இணைய முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

6. மூட வேண்டிய கதவுகள்

எஸ்எம்பி 1 என்ற, நெட்வொர்க்கில் ஃபைல் ஷேர் செய்யும் பழைய முறையை அணைத்துவிடுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் அதிலிருந்த ஓட்டையில்தான் புகுந்தது. பழைய ஸ்கேனர் அதைக் கேட்டால், ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 445 போர்ட்டை (ஃபைல் ஷேர் நடக்கும் வழி) இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். விபிஎன் (இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனி வழி) போடுங்கள்.

7. பேக்கப், அதை எடுத்தும் பார்ப்பது

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளி இடத்தில். நாஸில் இருப்பது ஒன்று. யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி வாரம் மாற்றி வையுங்கள், ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் இருக்கட்டும். முக்கியமான ஃபோல்டர் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும். டேலி டேட்டாவை எல்லோரும் மூடிய பிறகு இரவில் எடுங்கள், திறந்திருக்கும்போது எடுத்த பிரதி அரைகுறையாக இருக்கலாம். நாஸில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து ஃபைல் நிலையை அப்படியே பதிந்து வைப்பது) வசதி இருந்தால் வேலை நேரத்தில் மணிக்கு ஒருமுறை போடுங்கள், தவறுதலாக அழித்ததை நிமிடத்தில் மீட்கலாம்.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய ஸ்டைல் ஃபோல்டரை பேக்கப்பிலிருந்து வேறு இடத்துக்கு மீட்டு, ஃபைலைத் திறந்து பாருங்கள். பச்சை விளக்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

8. எழுதி வைக்க வேண்டியவை

அட்மின் பாஸ்வேர்டை எழுதி ஒரு கவரில் போட்டு, ஒட்டி முதலாளியிடம் கொடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் அதன் டிரேயின் முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். டிஸ்க் பழுது என்று நாஸிலிருந்து மெயில் வந்தால், அதிலுள்ள சீரியல் எண்ணும் டிரேயில் ஒட்டிய எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்த பிறகே கழற்றுங்கள். ரெய்டு 1-இல் பழுதானதை விட்டு நல்லதை உருவினால் மொத்தமும் நின்றுவிடும். மாற்றப் போகும் டிஸ்க் பழையதைவிட அளவில் சிறியதாக இருக்கக்கூடாது, அதனால் அதே அளவில் ஒன்றை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்திருங்கள்.