ஓ.எல் சறுக்கிய பிள்ளை கேம்பஸ் போக, தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று சி (திறமைச் சித்தி), நான்கு எஸ் (சாதாரண சித்தி), இரண்டு டபிள்யூ (சித்தியில்லை). என் அக்கா மகளுக்கு ஓ.எல்-இல், அதாவது இலங்கையின் சாதாரண தரப் பரீட்சையில், வந்தது இவ்வளவுதான். பெறுபேறு வந்த அன்றே எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) பேச்சு கிளம்பிவிட்டது: "இனி கொழும்புக்குக் கடை வேலைக்குத்தான்." அந்தப் பேச்சை நம்புவதுதான் முதல் தவறு. அரச பல்கலைக்கழகத் தெரிவில் ஓ.எல் பெறுபேற்றை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அடுத்து எழுதும் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) மூன்று பாடங்களின் இசட் புள்ளிதான் பேசும்.

அதற்காக அந்த டபிள்யூவை அப்படியே விட்டுவிடவும் கூடாது. சில கற்கைநெறிகளுக்கு ஓ.எல் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறிப்பிட்ட சித்தி கேட்பார்கள். ஏ.எல் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்து என்ன பயன்? படிக்கும்போதே அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதிவிடுங்கள்.

அடுத்தது ரோஷம். ஓ.எல்-இல் விஞ்ஞானம் சரியில்லை, ஆனாலும் ஊரார் வாயை அடைக்க ஏ.எல்-இல் பயோ (உயிரியல் பிரிவு) எடுப்பது. பிள்ளைக்கு வருகிற பாடத்தைப் பாருங்கள், ஊரை அப்புறம் பார்க்கலாம்.

இசட் புள்ளியை வெறும் மார்க் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுப்பார்கள். நீங்கள் எடுத்தது 70 என்று வையுங்கள். சராசரி 40, விலகல் 15 என்றால் இசட் 2. சராசரி 50, விலகல் 20 என்றால் 1தான். மூன்று பாடங்களின் இசட்டையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். ஆகவே இரண்டு பாடத்தில் பறந்து, மூன்றாவதை "எஸ் போதும்" என்று விடுவது அடிமடியிலேயே கைவைக்கும்.

பல கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று இடம் பிரிப்பார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. நல்ல டியூஷன் என்று பிள்ளையைக் கொழும்புப் பாடசாலைக்கு மாற்றினால், மாவட்டமும் மாறக்கூடும். மாற்றும் முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் படியுங்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை வரிசைப்படுத்தும் விருப்ப ஒழுங்கில்தான் எனக்கு அதிகம் வயிறெரிகிறது. "எப்படியும் கிடைக்கும்" என்று சுலபமான கற்கைநெறியை முதலாவதாகப் போட்டுவிடுகிறார்கள். கிடைத்துவிடுகிறது! நான்காவதாகப் போட்ட பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் புள்ளி போதும் என்று பிறகு தெரிகிறது. மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். ஆகவே ஆசைப்பட்டதை மேலே போடுங்கள், சுலபமானதைக் கீழே. மேலே போட்டது கிடைக்காவிட்டாலும் கீழே போட்டது பறிபோகாது.

பல்கலைக்கழகத் தெரிவுக்கு ஏ.எல்-இல் மூன்று தடவைதான் கணக்கு. "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்" என்பதும் அந்த மூன்றில் ஒன்று. ஏ.எல்-உடன் எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் (ஓ.எல் அல்ல) 30 புள்ளி எடுக்காமல் விண்ணப்பிக்க முடியாது, அதையும் விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

கடைசியாகப் பெயர். தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, பாடசாலைப் பதிவில் அப்பாவின் பெயரே வேறு. திருத்தம் செய்யப்போனால் நாள் கணக்கில் அலைய வேண்டிவரும். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் மாதங்களில் அதை முடித்துவிடுங்கள்.