திரையில் சரியாகத் தெரிந்தால் போதாது: யூனிகோடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கூனில் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் பர்மிய மொழியிலும் சேர்த்தே அடிப்போம். எங்களிடம் வரும் கோப்புகளில் பெரும்பாலான குழப்பம் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகிறது: கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் எழுத்தும் சரியாகத்தான் இருக்கிறது என்பது.

யூனிகோட் கூட்டமைப்பு வெளியிடுவது எழுத்துரு அல்ல. எந்த எழுத்துக்கு எந்த எண், எந்த வரிசையில் சேமிப்பது என்ற ஒப்பந்தம் அது. பர்மிய எழுத்து 1999-ல் 3.0 பதிப்பில் இடம்பெற்றது. ஆனால் விண்டோஸோடு பர்மிய எழுத்து சேர்ந்தே வந்தது 2012-ல், 8-ஆம் பதிப்பில்தான். நடுவே 2008-ல் 5.1 பதிப்பு, மெய்யோடு ஒட்டி வரும் குறிகளுக்குத் தனி எண்கள் தந்து எழுதும் முறையையே மாற்றியது. இந்த இழுபறியில் ஜோஜி (Zawgyi) என்ற பர்மிய எழுத்துரு நாடெங்கும் பரவிவிட்டது. அதே எண்களில் அது வேறு வடிவங்களை வைத்தது. பின்னர் பர்மாவின் மோன், கரென், ஷான் இன மக்களின் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் பர்மிய அடுக்கெழுத்துகளைப் போட்டது. அவசரத்துக்குச் செய்த வேலைதான், ஆனால் அந்த மக்களின் எழுத்து பல வருடம் திரையில் சிதைந்து கிடந்தது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

2019 அக்டோபர் 1-ல் பர்மா (மியான்மர்) அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. பழைய கோப்புகள் தானாக மாறவில்லை. அவற்றை மாற்றும்போது எது ஜோஜி, எது யூனிகோட் என்று பார்க்காமல் மொத்தமாக மாற்றாதீர்கள். நான் அப்படிச் செய்து, ஏற்கெனவே சரியாக இருந்த கோப்புகளையும் கெடுத்தேன். நகல் வைத்திருக்கவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையை விடிய விடிய உட்கார்ந்து திரும்ப அடித்தோம்.

பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பர்மிய ‘ஏ’ குறி, நம் கொம்பு போல, மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும், ஜோஜியில் முன்னாலேயே. எழுத்துக்குப் பின்னிருந்து அழித்துப் பாருங்கள்: முதலில் குறி போனால் பொதுவாக அது யூனிகோட், மெய் போனால் ஜோஜி.

தமிழிலும் கண் ஏமாற்றும். ‘ஔவை’ என்பதை ஒ-வும் ள-வும் சேர்த்து அடிப்பவர்கள் நிறைய. அச்சில் வித்தியாசம் தெரியாது, தேடினால் பெயர் கிடைக்காது.

அப்புறம் இன்னொரு தவறு, யூனிகோட் தரம் வெளியான பிறகு சண்டைக்குப் போவது. ஆய்த எழுத்துக்கு யூனிகோடில் உள்ள பெயர் ‘விசர்க்கம்’, அது வடமொழிக் குறியின் பெயர். தமிழருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் வெளியான பெயரை மாற்றுவதில்லை, எழுத்தை நீக்குவதோ இடம் மாற்றுவதோ இல்லை என்பது யூனிகோட் கூட்டமைப்பின் உறுதி. ஒரு எண் மாறினால் உலகத்தில் உள்ள பழைய ஆவணமெல்லாம் கெட்டுவிடும் என்பதால்தான் அந்தப் பிடிவாதம். ஆகவே பேச வேண்டிய நேரம் அதற்கு முன்னால். முன்மொழிவை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். தொழில்நுட்பக் குழு அதை ஆராயும். யூனிகோடோடு ஒத்துப்போகும் உலகத் தரமான ஐஎஸ்ஓ 10646-க்கான குழுவில் நாடுகள் வாக்களிக்கும். பிறகு முன்னோட்டப் பதிப்பு வரும். மென்பொருள் செய்பவர்கள் சோதனைக் கோப்புகளை ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்வார்கள். 2010-ல் கிரந்த எழுத்துகளோடு சில தமிழ் எழுத்துகளையும் சேர்க்கும் யோசனை வந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2014-ல் 7.0 பதிப்பில் கிரந்தம் அவை இல்லாமல் வந்தது. நேரத்தோடு பேசியதால் நடந்தது அது.

வெறும் கருத்து மட்டும் போதாது, சான்று வேண்டும். முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்னங்களும் கணக்குக் குறிகளுமாக 51 குறிகள் 2019-ல் 12.0 பதிப்பில் சேர்ந்தன. உங்கள் வீட்டில் பாட்டன் காலத்துக் கணக்கேடு இருந்து, அதில் எங்கும் காணாத குறி இருந்தால், அந்தக் குறியை மட்டும் வெட்டிப் படமெடுக்காதீர்கள். முழுப் பக்கத்தையும், ஏட்டின் ஊரும் வருடமும் தெரியும்படி எடுங்கள். நீங்களே எழுத்துரு செய்து காலியாக இருக்கும் எண் ஒன்றில் அதை வைத்துவிடவும் வேண்டாம், ஜோஜி தொடங்கியது அங்கேதான். உங்கள் போனில் வெறும் கட்டம் தெரிந்தால், முதலில் அந்தக் குறி யூனிகோட் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குறை எழுத்துருவில்தான்.