மனசு கனத்தால் முதலில் நடங்க

சேலம் செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்ப்பவருக்குச் சாயங்காலம் எரிச்சல் வந்தால், அதைக் குணக்கோளாறு என்று சொல்லிவிடாதீர்கள். அதில் பாதி, உடம்பின் புகார்.

வெயில் ஏறுமுன் 30 நிமிடம், வாரம் 5 நாள் நடங்க. பேச முடியணும், பாட முடியக்கூடாது: வேகம் சரி. முதல் நாளே ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஏறினால் முட்டி பிடித்து, மூன்றாம் நாள் ஷூ மூலைக்குப் போய்விடும். 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்க.

ஏற்காட்டுக் காபி அருமைதான்; மதியம் 2 மணியோடு டம்ளரைக் கவிழ்த்துவிடுங்க. குடித்த காஃபீனில் ஏறக்குறைய பாதி 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் சின்னச் சொல்லும் குத்தும்.

இரண்டு வாரமாகியும் சோர்வு விடவில்லையா? டாக்டரிடம் தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை கேளுங்க. மனம்விட்டுப் பேச அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, கட்டணமில்லை.