நாளுக்கொரு சிறுகதை: எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் எழுத்தில் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் பலர், நாளுக்கொரு சிறுகதை படிப்பது என்று தங்களுக்குத் தாங்களே ஒரு சவாலை விதித்துக்கொள்கிறார்கள். அது நல்ல பயிற்சி. அதைப் பல ஆண்டுகளாகக் கைவிடாமல் செய்துவருபவன் என்ற முறையில், தொடக்கத்தில் நான் தடுக்கிய இடங்களிலேயே அவர்களும் தடுக்குவதைக் காண்கிறேன். நேரம் ஒதுக்காமை, கைப்பேசியை அருகிலேயே வைத்திருத்தல் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றைப் பேசப் போவதில்லை.

பட்டியல் போடுவதிலேயே தேங்குதல்

ஐந்து கதைகளின் பெயர் தெரிந்தால் போதும், தொடங்கிவிடுங்கள்.

தொகுப்பை ஒரே மூச்சில் முடித்தல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். முழுத் தொகுப்பு ஒன்றை வாங்கி, நாவலைப் படிப்பது போல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இடைவெளியின்றிப் படித்துவிடுகிறார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் வேலைக்குச் சென்றுவரும் இளம் நண்பர் ஒருவர், கிருமாம்பாக்கம் வருவதற்குள் ஒரு கதை, அரியாங்குப்பம் வருவதற்குள் இன்னொரு கதை என்று ஜெயகாந்தனை விரைந்து முடித்தார். முடித்துவிட்டு, "எல்லாக் கதையிலயும் யாராவது நியாயம் பேசிக்கிட்டே இருக்காங்கண்ணா" என்றார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த அந்தப் பெரும் எழுத்தாளரை அவர் அதன்பின் கையில் எடுக்கவேயில்லை.

அவருக்கு ஏற்பட்ட அலுப்புக்குப் பெரும் காரணம் படித்த வேகம் என்றே நினைக்கிறேன். சரஸ்வதி, ஆனந்த விகடன் முதலிய இதழ்களில், பல ஆண்டு இடைவெளிகளில், தனித்தனியே வெளிவந்த கதைகள் அவை. அவற்றை ஒன்றாகக் கட்டியது பின்னால் வந்த பதிப்பு. 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தபோது, முன்பின் தெரியாத ஒருவனிடம் கற்பிழந்து வீடு திரும்பிய மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி அவளைத் தூயவள் என்று ஏற்றுக்கொண்ட தாயைப் பற்றி வாசகர்கள் கடுமையாக வாதிட்டார்கள். அந்தத் தாய் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும் என்ற எண்ணத்திலிருந்தே ஜெயகாந்தன் பின்னர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் நாவலை எழுதினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு நாவலையே பிறப்பித்த முடிவை வாசித்த அடுத்த நிமிடத்தில் அடுத்த கதையின் முதல் வரிக்குத் தாவுகிறவருக்கு, அப்படியொரு கேள்வி எழுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

எழுதுகிறவருக்கு இன்னோர் இழப்பும் உண்டு. ஒருவரையே தொடர்ந்து படித்தால் அவருடைய வாக்கியப் போக்கு கையில் ஒட்டிக்கொள்ளும். வாசிப்புக் கூட்டத்தில் ஒருவர் தம் புதிய கதையைப் படிக்கத் தொடங்கியதுமே, அவர் அந்த மாதம் யாரைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்துவிடுகிறது. நல்ல அனுபவத்தை வைத்திருக்கும் இளைஞர் அதை இரவல் குரலில் சொல்லிக் கெடுத்துக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஆகவே ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் இடையில் ஓர் இரவாவது கழியட்டும்; அடுத்த கதை வேறொருவருடையதாக இருக்கட்டும். சிதம்பரத்தில் வாழ்ந்த மௌனி தம் வாழ்நாளில் 30 கதைகள்கூட எழுதவில்லை. அவரை ஒரே வாரத்தில் முடிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? மாதத்துக்கு இரண்டு என்று ஓராண்டுக்குப் பரப்பிக்கொள்ளுங்கள்.

பிறந்த ஊரையே கதைக்களமாக எதிர்பார்த்தல்

புதுமைப்பித்தன் 1906இல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் என்பதற்காக அங்குள்ள கெடிலம் ஆற்றங்கரையை அவரிடம் தேடுபவர்கள் ஏமாறுகிறார்கள். அவர் கதைகளில் பெரிதும் வருபவை திருநெல்வேலியும் சென்னையும். கி. ராஜநாராயணன் தம் பிற்காலத்தைப் புதுச்சேரியில் கழித்து 2021இல் இங்கேயே மறைந்தார் என்றாலும் அவர் எழுதியது கரிசல் காட்டைத்தான். அவருடைய வட்டாரச் சொற்கள் தடுக்கும்போது தாண்டிச் செல்லாதீர்கள். வாய்விட்டுப் படித்தால் பல சொற்கள் ஓசையிலேயே பிடிபடும், மற்றவற்றுக்கு அவரே தொகுத்த வட்டார வழக்கு அகராதி இருக்கிறது. புதுச்சேரியை எழுத்தில் காண விரும்புகிறவர் பிரபஞ்சனிடம் செல்லலாம்.

விட்டுப்போன நாளுக்கு ஈடுகட்டுதல்

வேண்டாம். அன்றைய கதையை மட்டும் படியுங்கள்.

குறிப்பேட்டில் கதைச்சுருக்கம் எழுதுதல்

கதைச்சுருக்கம் நினைவுக்கு உதவலாம், எழுத்துக்கு உதவாது. வ.வே.சு. ஐயர் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், 1915இல் வெளிவந்த 'குளத்தங்கரை அரசமரம்' கதையில் ருக்மிணியின் துயரத்தைச் சொல்வது ஒரு மரம். சுருக்கம் எழுதினால் ருக்மிணிக்கு நேர்ந்தது மட்டுமே குறிப்பேட்டில் தங்கும். மரம் தானே கண்டது எது, பிறர் பேசக் கேட்டது எது, அதற்குத் தெரிய வழியில்லாதது எது என்று மூன்று வரிகள் எழுதுகிறவருக்கு, தம் கதையை யார் வாயால் சொல்லவைப்பது என்று முடிவெடுக்கும்போது அவை கைகொடுக்கும். குறிப்புக்கு மேலே தேதியையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கதையை மறுபடியும் படித்து, பழைய குறிப்பைப் பார்க்காமல் புதிதாக மூன்று வரிகள் எழுதி, அதன்பின் இரண்டையும் ஒப்பிடுங்கள்.