ஸ்கூபா ரெகுலேட்டர் கசிகிறதா? மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

தண்ணீருக்கடியில் மூச்சுவிட சிலிண்டரில் மாட்டும் ரெகுலேட்டரில் காற்று புஸ் என்று கசிந்துகொண்டே இருந்தால் உடனே புது ரெகுலேட்டர் வாங்க ஓடாதீர்கள். அதில் சிலிண்டர் வால்வோடு சேரும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தைச் சுமார் 10 பாருக்கு இறக்குகிறது. பிசிடிக்கு (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) போகும் ஹோஸில், இந்த இறக்கிய அழுத்தத்தைக் காட்டும் ஒரு கேஜை மாட்டிப் பாருங்கள், முள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் உள்ளே காற்றை அடைக்கும் சீட் தேய்ந்திருக்கும், அதைப் பயிற்சி பெற்ற சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள், வீட்டில் பிரிக்கவே வேண்டாம். முள் நின்றால் வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜைச் சந்தேகப்படலாம்.

வாயில் தண்ணீர் வருகிறதா? ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் டஸ்ட் கேப்பை (தூசி மூடி) இறுக்கி மூடி, மவுத்பீஸில் உறிஞ்சுங்கள். காற்று வந்தால் மவுத்பீஸ் கிழிந்திருக்கலாம், அல்லது விடும் மூச்சு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வில் மணல் ஒட்டியிருக்கலாம். மவுத்பீஸை நாமே மாற்றலாம்: அதைக் கட்டியிருக்கும் பழைய பிளாஸ்டிக் டையை வெட்டி, புதுசைப் பள்ளத்தில் முழுசாக உட்காரவைத்து, புது டையை இறுக்கி, முனை உதட்டைக் கீறாதபடி ஒட்ட வெட்டுங்கள்.

அப்புறம் சிலிண்டரில் மாட்டுவது. சிலிண்டரைப் பிடிக்கும் பிசிடி பட்டையை நனைத்து இறுக்குங்கள், காய்ந்த பட்டை தண்ணீரில் தளர்ந்துவிடும். சிலிண்டர் வால்வின் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். செகண்ட் ஸ்டேஜ் வலது தோள் மேலாக வரட்டும். வால்வை மெதுவாக முழுசும் திறந்து, சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கள். முள் துள்ளினால் வால்வு சரியாகத் திறக்காமல் இருக்கலாம், தண்ணீரில் இறங்காதீர்கள்.